மீனாக்காவின் தூளும் நடராசா அண்ணையின் ரவியோலியும்

மீனாம்பிகை அக்காவின் மிளகாய்த்தூளில் சமைத்த கறியைத் தின்று கண் கலங்காதவர்கள் எங்கள் ஊர் இறுப்பிட்டியில் இல்லை. செத்தல் மிளகாயைத் தானே வறுப்பார், தானே இடிப்பார், யாரையும் கிட்ட விடமாட்டார். பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போகிற பெட்டிகளில் அந்தத் தூள் கட்டாயம் இருக்கும். இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்த அவருடைய புருசன் நடராசா அண்ணைக்கும் அது வருசா வருசம் போனது. மனைவியைக் கூப்பிட அண்ணை எவ்வளவோ முயன்றார், விசா சரிவரவில்லை. பிள்ளைகளும் இல்லை. சுற்றிவரப் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு நடுவில் அக்கா இருபது வருசத்துக்கு மேல் தனியே இருந்தார்.

ரெலிபோனில் அண்ணை ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்லித்தான் வைப்பாராம்: "உம்மட கையாலை ஒருபிடி சோறு திண்டால் போதுமப்பா." பக்கத்து வளவுக்காரி நான். இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அக்கா அந்த ஒரு சொல்லில்தான் உயிர் வாழ்ந்தார்.

இரண்டு வருசத்துக்கு முன் அண்ணை ஒரேயடியாக வந்து சேர்ந்தார். ஆள் மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் எங்கள் ஊருக்கு ஒரு விசர் பிடிக்கும். அங்கே பட்டினி கிடந்து வந்தவர்போல அவரை இருத்தி வைத்து, நண்டும் கணவாயும் பனங்கிழங்கு மாவில் காய்ச்சின ஒடியற்கூழுமாக வாயில் தீத்தித் தள்ளுவோம். வேண்டாம் என்றால் "வெள்ளைக்காரனாப் போயிட்டார்" என்று பகிடி பண்ணுவோம். அந்தப் பகிடிக்குப் பயந்து வந்தவரும் வாய் திறக்கமாட்டார். அன்பு என்ற பேரில் இப்படியொரு முரட்டுத்தனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அக்கா மூன்று நேரமும் அடுப்படியில் நின்றார். அண்ணை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு" என்பார்.

மடத்துவெளியில் அன்ரனிதாஸ் என்று ஊர்காவற்றுறை ஆள் ஒருவர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அண்ணையோடு பலேர்மோவில் ஒரே குசினியில் நின்றவர். விடுமுறைக்கு வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளையும், நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற வழியில் கார் நிறுத்துகிற சனத்தையும் நம்பித் தொடங்கிய கடை. என் மருமக்கள் வந்தபோது நானும் போனேன். பீட்சா தெரிந்த சாமான்தான். அடுக்கடுக்காக இறைச்சி வைத்துச் சுட்ட லசானியாவும் பரவாயில்லை. ரவியோலிதான் எனக்குப் பிடிபடவில்லை. கோதுமை மாவை மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே சீஸும் பசளிக்கீரையும் வைத்து மூடி, கொதிதண்ணீரில் அவித்து, மேலே உருக்கின பட்டரை ஊற்றித் தருகிறார்கள். உறைப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. காய்ச்சல்காரருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிச் சிரித்தேன்.

அண்ணை பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மடத்துவெளிப் பக்கம் போகத் தொடங்கினார். இராச்சாப்பாட்டுக்குப் பசியில்லை என்பார். அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. குடியாக இருக்கும் என்று நினைத்தார், அதற்கு மேலும் நினைத்தார். ஒருநாள் ஓட்டோ பிடித்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே மூலை மேசையில் அண்ணை தனியே இருந்தார். முன்னால் ஒரு கோப்பை ரவியோலி. முள்ளுக்கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, ஆறுதலாக மென்றுகொண்டிருந்தார். வீட்டில் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

குடி என்றால் அக்கா பொறுத்திருப்பார். இதைப் பொறுக்க முடியவில்லை.

"நான் அடுப்போடை கிடந்து வேகிறன். நீங்கள் களவா வந்து உந்தச் சப்பைச் சாமானைத் தின்னுறியள். என்ரை கறி அவ்வளவுக்கு அலுத்துப்போச்சோ?"

பக்கத்து மேசையில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. அன்ரனிதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணை அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இல்லையப்பா, சும்மா ஒரு ஆசைக்கு வந்தனான்" என்று எழும்பினார். கோப்பையில் பாதி அப்படியே கிடந்தது. அன்று வீட்டில் நண்டுக்கறி. தூள் ஒரு கரண்டி கூடத்தான் விழுந்திருக்கும். அண்ணை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அதன் பிறகு அவர் மடத்துவெளிப் பக்கம் போகவே இல்லை.

மாரி தொடங்குகிற நேரம் வாயால் இரத்தமாகச் சத்தி எடுத்தார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஒரு இளம் டொக்டர் வந்து கேட்டார்: "வயித்திலை கனகாலத்துப் புண் இருந்திருக்கு. இவர் உறைப்புச் சாப்பிடுறவரோ?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஓம் டொக்டர். வந்த நாளிலையிருந்து நான் ஒருநாளும் குறைவிடேல்லை."

டொக்டர் குனிந்து துண்டில் எழுதத் தொடங்கினார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. புண் புற்றாகிவிட்டது, ஊருக்கு வரும்போதே பிந்திவிட்டது, சாப்பாட்டால் மட்டும் வந்ததில்லை என்றெல்லாம் பிறகு விளங்கப்படுத்தினார்கள். அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு கிழமையில் அண்ணை முடிந்துபோனார்.

எங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்த எட்டாம் நாள், செத்தவர் விரும்பித் தின்றதை எல்லாம் சமைத்துப் படைத்து, அறைக்கதவைச் சாத்திவிடுவோம். அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்று நம்பிக்கை. அன்று காலையில் அன்ரனிதாஸ் வந்தார். குசினியில் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அந்த மணத்தில் நின்று அழுதார்.

"அக்கா, அண்ணை உறைப்பை விட்டுப் பத்து வருசத்துக்கு மேலை. பலேர்மோவிலையே டொக்டர்மார் மறிச்சுப்போட்டினம். நீங்கள் அனுப்புற தூளை எங்களுக்குத்தான் தந்தவர். அங்கை ரவியோலிதான் அவருக்குச் சாப்பாடு."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவர் அக்கா, சொல்லிப்போடாதை எண்டு. 'இவ்வளவு காலமும் போனிலை அவவின்ரை கைச்சோத்துக் கதையைத்தானே சொல்லிக்கொண்டிருந்தனான், இப்ப போய்ச் சாப்பிட ஏலாது எண்டால் அவ என்னத்துக்குத் தனிய இருந்தவ' எண்டு கேட்டவர்."

அக்கா அடுப்பை நூர்த்தார். சீலையையும் மாற்றாமல் ஓட்டோவில் ஏறினார், நானும் ஏறினேன். செத்தவீட்டுக்காரி எட்டு முடியுமுன் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறாள் என்று ஊர் பேசும். பேசட்டும் என்று விட்டேன்.

அதே மூலை மேசையில், அண்ணை இருந்த கதிரையில் இருந்து, அக்கா ஒரு கோப்பை ரவியோலி கேட்டார். முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாமல் கையால் எடுத்து வாயில் வைத்தார். மென்றார். நெடுநேரம் மென்றார். அந்தச் சப்பைச் சாமானைத் தின்று அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடியது. "வழுக்கிக்கொண்டு போகுது" என்றார். "ஒண்டும் எரியேல்லை." கோப்பையை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, இன்னொன்றைக் கட்டித் தரச் சொன்னார்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் வீட்டில் நின்ற சொந்தக்காரர் மிச்சத்தையும் சமைத்து முடித்து, வாழையிலை நிறைய எல்லாம் படைத்திருந்தார்கள். நண்டு, கணவாய், ஒடியற்கூழ். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். வெறும் இலையில் அந்த வெள்ளைச் சாமானைக் கொட்டினார். அண்ணையின் தங்கச்சி மனோகரி பதறிக்கொண்டு வந்தார்.

"மச்சாள், உதென்ன வேலை? அண்ணைக்கு உங்கடை கறியெண்டால் உயிரல்லோ?"

அக்கா இலையைச் சரியாக இழுத்து வைத்துவிட்டு எழும்பினார்.

"விடு மனோகரி. இண்டைக்கெண்டாலும் மனுசன் வயித்துநோவில்லாமல் சாப்பிடட்டும்."