ஐந்து மணிக்கு வாசலில் அப்பா

திசையன்விளையில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. தேர்வு எழுதி மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. உத்தரவு வந்த அன்று அப்பா அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, திசையன்விளைக்கு எந்தெந்த நேரத்தில் பஸ் என்று விசாரிக்கப் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் திசையன்விளையிலேயே தங்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. எனக்கு வந்தது. சொல்லத் தைரியமில்லை.

அப்பா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் இருபத்திரண்டு வயதில் பம்பாய்க்கு வேலைக்குப் போனபோது அவர்தான் ரயிலேற்றிவிட்டு வந்தார். வந்து கைகால் கழுவி, ரசம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் விஷயம் வேறு. என் ஜாதகம் இரண்டு வருடமாக வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. சிலர் வந்தார்கள், சொஜ்ஜி சாப்பிட்டார்கள், செவ்வாய் இடிக்கிறது என்று பிறகு எழுதிப் போட்டார்கள்.

"கல்யாணம் ஆகுத மட்டும் இங்கன இரு. பொறவு வாரவன் பாடு" என்பார் அப்பா. கடுமையாகச் சொல்லமாட்டார். அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒரு வருடம் தினமும் போய் வந்தேன். காலை ஏழரை மணிக்குப் பஸ். நாங்குநேரி தாண்டி, செம்மண்ணும் பனையும் தொடங்கும்போது வெயில் ஏறிவிடும். சாயங்காலம் திரும்பி இறங்கினால் அப்பா பஸ் ஸ்டாண்டில் நிற்பார். கையை நீட்டி என் கைப்பையை வாங்கிக்கொள்வார். இருபத்தேழு வயதுப் பெண்ணின் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் நடப்பேன். பையில் ஒரு டிபன் பாக்ஸும் குடையும்தான். ஆனாலும் வெறும் கையோடு நடப்பது எனக்குக் கூச்சமாக இருக்கும். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பஸ் நாங்குநேரிக்கு முன்னால் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து வந்த வேறொரு பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் இறங்கிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். மனசுக்குள் ஒரு துள்ளல். நானே என் பையைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நின்ற அம்மா, "அப்பா எங்கட்டி? ஒன்னைத் தேடித்தான் பஸ் ஏறிப் போனாக" என்றாள்.

வழியில் எங்கள் பஸ்கள் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. அரை மணி நேரத்தில் அவரும் வந்துவிட்டார். நாங்குநேரிக்கு அப்பால் ரோட்டோரம் ஆளில்லாமல் நின்ற பஸ்ஸைப் பார்த்து இறங்கி, அதற்குள் ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்திருக்கிறார். பிறகு எதிரே வந்த லாரியில் ஏறித் திரும்பியிருக்கிறார். இதை அம்மாவிடம்தான் சொன்னார். என்னிடம், "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைலேருந்து நானும் கூட வந்துட்டு வாரேன்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கக் காலைப் பஸ்ஸில் திசையன்விளை வரை என்கூட வந்து திரும்பினார். அந்த ஆளில்லாத பஸ்ஸில் அவர் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்ப்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. பாவமாக இருந்தது. மூச்சு முட்டவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்.

"அப்பா, திசையன்விளையில ஒரு ரூம் பாத்திருக்கேன்."

"யாரு பாத்தது?"

"நாந்தான். போன வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல."

அவர் செய்தித்தாளை மடித்தார். "எங்கிட்டச் சொல்லிருந்தா நான் வந்து பாத்திருப்பேம்லா" என்றார். வீட்டை விட்டுப் போவதைக் காட்டிலும், தனியாகப் போய் ஒரு வீட்டு வாசலில் நின்று நானே பேசி முடித்ததுதான் அவரைத் தைத்தது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று நான்கு நாள் சொன்னார். ஐந்தாவது நாள் ஒரு புதுப் பூட்டு வாங்கி வந்தார்.

அறை, ஓய்வு பெற்ற ஒரு நர்சம்மாவின் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. முன்பக்கத்தில் அவர் தனியாக இருந்தார். அப்பா வந்து கதவை ஆட்டிப் பார்த்தார். உள்தாழ்ப்பாள் போதாதென்று இன்னொன்று அடித்தார். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அவர் பஸ் ஏறிப் போனதும் நான் அறைக்குள் வந்து இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன், பிறகு இரண்டையும் திறந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் வாரம் நான்கு முறை அறையைக் கூட்டினேன்.

எங்கள் வீட்டில் சைவம். முதல் மாதக் கடைசியில் ஒரு முட்டை வாங்கி வந்து அவித்தேன். வாயில் வைத்ததும் குமட்டியது. முட்டையையும் ஓட்டையும் காகிதத்தில் சுருட்டி ரொம்ப தூரம் நடந்து போய்ப் போட்டேன். மறுநாள் இன்னொரு முட்டை வாங்கினேன். அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதை நானே கண்டுபிடித்திருந்தேன்.

புதன்கிழமைதோறும் அப்பா வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியர், இன்னொரு கையில் பத்து லிட்டர் கேனில் பாளையங்கோட்டைக் குழாய்த் தண்ணீர். "இங்கத்த தண்ணி ஒரே உப்பு. ஆத்துத் தண்ணி குடிச்ச வயித்துக்கு ஒத்துக்கிடாது" என்பார். தாமிரபரணித் தண்ணீர் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்து என் பானையில் இறங்கும். கண்டக்டர்களுக்கெல்லாம் அவரைத் தெரிந்துபோயிற்று. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

மாசி மாதம் ஒரு நாள் அம்மாவும் கூட வந்தாள். கையில் ஒரு டிரங்குப் பெட்டி.

"மாடி ஒழுகுதுன்னு தளத்துல தட்டோடு பதிக்காக. வீடு பூரா தூசி. ரெண்டு நாள் ஒன்கூட இருந்துட்டுப் போறோம்" என்றார் அப்பா.

மூன்று வாரம் இருந்தார்கள். தட்டோடு நான்கே நாளில் பதித்து முடிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அறையின் குறுக்கே கொடி கட்டினார்கள். என் கட்டில் சுவரோரம் நகர்ந்தது. அம்மா என் அடுப்பில் சமைத்தாள். அப்பா கடைத்தெருவில் நாலு பேரைப் பழக்கம் பிடித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

எங்கள் அலுவலகச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் ஓடும். கொஞ்ச நாளில் எல்லோரும் அப்பாவைப் பார்த்துத்தான் மேசையை ஒதுங்கவைத்தார்கள். "ஏம்மா, அண்ணாச்சி வந்தாச்சு. மணி அஞ்சு ஆயிட்டு" என்பார் என் பக்கத்து சீட்டு எழுத்தர். கேலி என்று சொல்ல முடியாது, பிரியமாகத்தான் சொன்னார். நான் நிமிர்ந்து பார்க்காமல் மெஷினுக்கு உறை போடுவேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா ஒரு தாளை என் முன்னால் வைத்தார். தலைமை எழுத்தரின் முத்து முத்தான கையெழுத்து. வயதான பெற்றோரைக் கவனிக்க வேண்டியிருப்பதால் பாளையங்கோட்டைக்கு மாற்றல் தரும்படி நான் கேட்கும் மனு. என் பெயர், என் பதவி எல்லாம் எழுதி, அடியில் மட்டும் இடம் விட்டிருந்தார்.

"எல்லாம் எழுதிட்டேன். ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

நான் பேனாவை எடுக்கவில்லை.

"அப்பா, நீங்க நாளைக்கு ஊருக்குப் போங்க."

"மனுவக் குடுத்துட்டுப் போறோம்."

"மனு குடுக்க மாட்டேன். நீங்க போங்க. அஞ்சு மணிக்கு வாசல்ல வந்து நிக்காதிய. புதன்கிழமையும் வரண்டாம். எனக்கு வேணும்னா நான் வாரேன்."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. முன்கட்டில் நர்சம்மாவுக்குக் கேட்டிருக்கும். அப்பா தாளை எடுத்து, மடிப்புக் கலையாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அதைச் சொன்னால் மனு எனக்கு முன்னால் மறுபடி வந்துவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "நீங்க போங்க. நான் ரெண்டு நாள் கழிச்சு வாரேன்."

அப்பா அவளைப் பார்த்தார். "அப்பம் சாப்பாட்டுக்கு?"

"சோறு வடிக்கத் தெரியும்லா ஒங்களுக்கு."

மறுநாள் காலையில் அவர் தனியாகப் பஸ் ஏறினார். காலிக் கேனை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா என்னைச் சமாதானப்படுத்தத்தான் தங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலையும் குறைத்துவிட்டாள். காலையில் வைத்த குழம்பையே ராத்திரியும் ஊற்றினாள்.

மூன்றாவது நாள் சாயங்காலம் நான் வந்தபோது அறை பூட்டியிருந்தது. நர்சம்மா சாவியை நீட்டினார். "அம்மா காலைலயே கெளம்பிட்டாவளே. உவரிக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டாவ" என்றார்.

உவரி கடற்கரை. பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அம்மா அதுவரை தனியாகப் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. டவுனுக்குத் துணி எடுக்கப் போனாலும் அப்பாதான் டிக்கெட் வாங்குவார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உவரியிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கண்டக்டரிடம், "பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா ஏறினாங்களா" என்று கேட்டேன். பச்சைச் சேலையில் பத்து பேர் ஏறினார்கள் என்றார். இருட்டத் தொடங்கியது. சொல்லிவிட்டுப் போகக் கூடாதா, ஏதாவது ஆகியிருந்தால் யாரிடம் போய் நிற்பேன் என்று மனசுக்குள் வரிசையாகக் கேள்விகளை அடுக்கிவைத்துக்கொண்டேன். அத்தனையும் அப்பா ஒரு வருடம் வாய்விட்டுக் கேட்காமல் வைத்திருந்த கேள்விகள் என்பது அப்போது தோன்றவில்லை.

நான்காவது பஸ்ஸில் இறங்கினாள். சேலைக் கரையில் மணல். கையில் ஒரு பை, அதில் ஒரு கட்டு பனங்கிழங்கு. முகம் வெயிலில் கறுத்திருந்தது, ஆனால் நல்ல தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தத் தெளிவு போய்விட்டது.

"நீ எதுக்கு இங்கன வந்து நிக்க?" என்றாள்.

அவள் பையை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"நானே கொண்டு வாரேன். வெயிட்டு ஒண்ணும் இல்ல."

பாதி வழி நடந்திருப்போம். பிறகு நான் கேட்டேன்: "அங்கன போய் என்னம்மா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. கடலைப் பாத்துட்டு இருந்தேன்."

"காலைலேருந்தா?"

"ஆமா. ஒங்க அப்பா வந்திருந்தா கால நனைச்ச ஒடனே கெளம்புவோம்னுருப்பாக." கொஞ்சம் நடந்து, "நீ வந்திருந்தாலும் அப்பிடித்தான் சொல்லிருப்ப" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.

அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. குக்கர் கைப்பிடி கழன்றுவிட்டது, தட்டோட்டில் ஒழுக்கு நின்றுவிட்டது, நான் சுகம், அவள் சௌகரியம்போல் வரட்டும் என்று எழுதியிருந்தார். மாற்றல் மனுவைப் பற்றி ஒன்றும் இல்லை. அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மா பத்தாவது நாள் ஊருக்குப் போனாள். நானும் கூட வருகிறேன் என்றதற்கு, "நாங்குநேரி வழி போற பஸ்ஸுதான? எனக்குத் தெரியும்" என்றுவிட்டாள்.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஆகவில்லை. அப்பா வருவதை நிறுத்தினார். ஆனால் சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போகும்போது விருந்தாளியிடம் பேசுவதுபோல, "பஸ்ஸுல கூட்டமோ?" என்று கேட்டார். நான் அந்த அறையில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். ஐந்து மணி ஆனால் அலுவலக வாசலைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். யாரும் நிற்காததில் ஒரு நாள் நிம்மதியாக இருக்கும், ஒரு நாள் கோபம் வரும். அறைக்கு வந்தால் உட்காரப் பிடிக்காது. கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன்.

யாரும் கேட்காமலே எனக்குப் பாளையங்கோட்டையை ஒட்டிய திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. அப்பா வீட்டில் என் பழைய அறையை ஒழித்துவைத்தார். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். திசையன்விளையில் தங்கியபோது பேசாத சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போது பேசினார்கள். பெற்றவர்கள் இருக்கும் ஊரிலேயே தனி வீடா என்றார்கள்.

அப்பா மட்டும் ஒரே கேள்வி கேட்டார்: "இங்கேருந்து டவுன் பஸ்ல இருபது நிமிசம். அதுக்கு எதுக்கு தனி வீடு?"

"தெரியலப்பா. வேணும்னு இருக்கு" என்றேன்.

"பூட்டு நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அம்மா தனியாக டவுன் பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி என் வீட்டுக்கு வருவாள். எதுவும் கொண்டுவர மாட்டாள். என் பாயை எடுத்து விரித்து இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவாள். எழுந்து காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஏன் வருகிறாள் என்று நான் கேட்டதில்லை. அவள் தூங்கும் அந்த நேரம் முழுக்க, சத்தம் போடக் கூடாதே என்று நான் என் வீட்டுக்குள்ளேயே நுனிக்காலில் நடந்துகொண்டிருப்பேன்.