நான்கு மதிப்பெண் வாங்கிய கிதார்

ஆவுடையப்பன் இதுவரை நூற்றுப் பதினேழு கிதார்களின் சத்தத்தைத் திருத்தியிருக்கிறார். எண்ணிக்கை என்னுடையது, அவர் எண்ணி வைப்பவர் அல்ல. நூற்றுப் பதினாறு நல்லபடியாக அமைந்தன. மிச்சம் ஒன்று அவர் மகளுடையது. அது கெட்டதில் எனக்கும் பங்கு இருப்பதால், அதை ஒதுக்கிவிட்டு அவரைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

அவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். 1983 மார்ச்சில், இருபத்து நான்காம் வயதில், மெட்ராஸில் கப்பல் ஏறி நான்காம் நாள் காலை போர்ட் பிளேரில் இறங்கினார். (ஊரின் பெயர் இப்போது மாறிவிட்டது. அன்று இருந்த பெயரையே எழுதுகிறேன்.) அரசுப் பட்டறை ஒன்றில் தச்சராகச் சேர்ந்து 2019-இல் ஓய்வு பெற்றார். அதே ஊரின் ஜங்லிகாட் பகுதியில், என் வீட்டிலிருந்து நான்காவது வீடு. முன்னறைதான் அவருடைய சொந்தப் பட்டறை.

கிதார் அவரிடம் தற்செயலாக வந்தது. 1991-இல், உடன் வேலை பார்த்த, கார் நிக்கோபார் தீவுக்காரர் ஒருவர் பாலம் பெயர்ந்துபோன கிதாரைக் கொண்டுவந்தார். பாலம் என்பது கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டு முகப்பலகையில் ஒட்டியிருக்கும் கட்டை. இந்த ஊர்க் காற்றில் பசை இளகிவிடும். ஆவுடையப்பன் ஒட்டிக் கொடுத்தார். ஒட்டியதை ஒருமுறை மீட்டிப் பார்த்தவர், "இது இன்னும் நல்லா கேக்கணுமே" என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் முப்பது வருடம் ஓடிவிட்டது.

பாலத்தின் மேல் கம்பிகள் ஏறி நிற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டை எடுத்துவிட்டு எலும்புத் துண்டு வைப்பார். சத்தம் தெளியும். கம்பி உயரத்தை அரை மில்லிமீட்டர் குறைப்பார். மிக நம்பிக்கையானவர்களுக்கு மட்டும், முகப்பலகைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சட்டங்களை ஓட்டை வழியாகக் கைவிட்டு, சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குவார். அப்போது பலகை தாராளமாக அதிரும், கார்வை கூடும். ஆனால் தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

மூன்று ஆண்டு உழைத்து 2011-இல் அவரே ஒரு கிதார் செய்தார். முதுகும் பக்கங்களும் அந்தமான் காட்டுப் படாக் மரம். அதற்குப் 'பெரியவன்' என்று பெயர். திருத்த வரும் எந்தக் கிதாரையும் பெரியவனோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார். பெரியவன் இருந்தது பல்பு எரியும் அலமாரியில். இங்கே எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. நாற்பது வாட் மஞ்சள் பல்பு இரவும் பகலும் உள்ளே எரியும்; பட்டுச் சேலையும் சான்றிதழ்களும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். ஆவுடையப்பன் வீட்டில் சேலைகள் ஒரு தட்டுக்கு ஒடுங்கி, மீதி இடம் பெரியவனுக்கு.

மகள் வைஜெயந்தியின் கிதார் 2009-இல் அபர்டீன் பஜாரில் வாங்கிய ஒட்டுப்பலகைக் கிதார். ஒன்பதாம் வகுப்பில் கேட்டு அடம்பிடித்து வாங்கியது. அதில்தான் கற்றாள், ஆறு வருடம் அதைத்தான் வாசித்தாள். 2015 ஜூலை 11 அன்று நான் பட்டறையில் இருந்தேன். ஹேவ்லாக் தீவில் ஒரு விடுதியில் வாசிக்கும் ஆள் ஒருவர் வந்திருந்தார். உள்ளறையில் வைஜெயந்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வாசிக்கிறாங்க? சவுண்டு நல்லாருக்கே," என்றார் வந்தவர்.

"அதுவா? அது டப்பா சார்," என்றார் ஆவுடையப்பன். "அது கெடக்கு. இதக் கேளுங்க, ஏக் நம்பர்." பெரியவனை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

உள்ளே வாசிப்பு நின்றது. ஆவுடையப்பன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அடுத்த வருடம் செவிலியர் வேலைக்குச் சென்னைக்குப் போனபோது, வைஜெயந்தி கிதாரைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். "எதுக்குப்பா சுமக்கணும், டப்பாதானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அந்தச் சிரிப்பை ஆவுடையப்பன் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

2023 ஜூலை கடைசியில் அவளிடமிருந்து போன் வந்தது. "பிப்ரவரில வரேன்ப்பா. என் கிதார் இருக்குல்ல? இந்தத் தடவ எடுத்துட்டுப் போறேன்."

அன்று மாலையே ஆவுடையப்பன் என் வீட்டு வாசலில் நின்றார். "அண்ணாச்சி, அத அப்படியே குடுத்தா எனக்கு மரியாத இல்ல. பெரியவனுக்குச் சமானமா ஆக்கிக் குடுத்துரணும். நீங்க மார்க்கு போடணும்."

கூடவே வந்திருந்த அவர் மனைவி ருக்கு இதைக் கேட்டுச் சிரித்தார். "எட்டு வருசமாச்சு. அன்னைக்குச் சொன்னது தப்புட்டீன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சு போச்சு. அதுக்கு எதுக்கு அரமும் உளியும்?"

"ஒனக்கு என்ன தெரியும்? சொன்னா காத்தோட போயிரும். செஞ்சு குடுத்தா கையில நிக்கும்."

"ஆமா, பெரிய இவரு. ஒரு சாரி சொல்ல ஆறு மாசம் வேல பாக்கப் போறாரு."

நான் வானிலை ஆய்வுக் கூடத்தில் முப்பத்தொரு ஆண்டு பதிவாளராக இருந்தவன். ஒப்பிடுவதற்கு ஒரு முறை வேண்டும் என்றேன். நான் சுவரைப் பார்த்து உட்காருவேன். அவர் ஏதாவது ஒரு கிதாரை எடுத்து அதே மூன்று சுரக்கட்டுகளை, அதாவது கார்டுகளை, வாசிப்பார். எது எதுவென்று சொல்லக்கூடாது. நான் பத்துக்கு மதிப்பெண் போடுவேன். இரண்டிலும் ஒரே வகைக் கம்பி, ஒரே நாளில் மாற்றியது. சனிக்கிழமை மாலை நாலரை மணி. ஜன்னல் மூடியிருக்கும். மீட்டும் வில்லையின் தடிப்பு வரை குறித்தேன்.

"செல்லுல பதிஞ்சு வச்சுக்கிட்டா பின்னால கேட்டுப் பாக்கலாமே அண்ணாச்சி," என்று ருக்கு கேட்டார். செல்லின் ஒலிவாங்கி சத்தத்தை மாற்றிவிடும், காதுதான் சரி என்று நான் மறுத்தேன்.

ஆகஸ்ட் 5. பெரியவன் 8. வைஜெயந்தியின் கிதார் 4. குறிப்பு என்ற இடத்தில் 'அடைத்த சத்தம்' என்று எழுதினேன். நாலைப் பார்த்த ஆவுடையப்பன், "நான் அப்பமே சொன்னேம்லா" என்றார். தான் அன்று சொன்னது பொய்யில்லை என்பதில் அவருக்கு ஒரு நிமிடம் ஆறுதல் போலிருந்தது. பிறகு முகம் சுருங்கிவிட்டது.

எலும்புத் துண்டு வைத்தார். தலைப்பக்கம் ஒரு விரிசலை ஒட்டி, பசை காய்வதற்காக எட்டு நாள் அலமாரியில் பெரியவனுக்குப் பக்கத்தில் வைத்தார். அக்டோபர் 14 அன்று மதிப்பெண் 6. "எலும்பு வேலைய காட்டுது பாத்தியளா!" என்று தொடையில் தட்டினார். கிதார் மறுபடி ஆணிக்குப் போனது. நவம்பர் 4 அன்று 5.

"எறங்கிட்டே அண்ணாச்சி. நீங்க தப்பாப் போட்டுட்டியளோ?"

"என் காது அப்படித் தப்பாது ஆவுடை."

"அப்படீன்னா இனி உள்ளதான் கை வைக்கணும்."

நான் யோசித்துவிட்டு, "வேறு வழி தெரியவில்லை" என்றேன். நவம்பரிலும் டிசம்பரிலும் அவர் சட்டங்களைத் தேய்த்தார். இடையில் மூன்று சனிக்கிழமை நான் எண் போட்டேன். ஆறு, ஆறு, ஏழு. ஜனவரி 27 அன்று 8. சுவரைப் பார்த்திருந்த எனக்குப் பெரியவன் எது, மற்றது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆவுடையப்பன் அன்று அல்வா வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார்.

பிப்ரவரி 10 அன்று வைஜெயந்தி வந்தாள். மறுநாள் காலை என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கிதாரை மடியில் வைத்து முகப்பலகையில் இருந்த பழைய கீறலைக் கட்டைவிரலால் தடவினாள். இங்கே என்ன மாறியது, அங்கே என்ன மாறியது என்று ஆவுடையப்பன் சொல்லிக்கொண்டே போனார். டப்பா என்ற சொல்லை மட்டும் அவர் எடுக்கவில்லை. அவள் ஒருமுறை மீட்டினாள். நிறுத்தினாள். இன்னொரு முறை மீட்டினாள்.

"நல்லாருக்குப்பா," என்றாள்.

"அண்ணாச்சி எட்டு மார்க்கு போட்டிருக்காரு. பெரியவனும் இதுவும் ஒண்ணு."

"ஆமாப்பா. அப்படியே பெரியவன் மாதிரியேதான் இருக்கு."

காபி டம்ளரை வைக்க நான் அடுக்களைப் பக்கம் போனபோது அவள் குரல் கேட்டது. "அம்மா, என்னோட கிதார் எங்கம்மா?"

"இதாம்ட்டி அது."

"இல்லம்மா. அந்தச் சத்தம். என்னோட சத்தம் எங்கன்னு கேக்குறேன்."

 பிப்ரவரி 21 அன்று வைஜெயந்தி திரும்பினாள். விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லிக் கிதாரை ஆணியிலேயே மாட்டினாள். அதற்குப் பிறகு ஆவுடையப்பன் மூன்று வாரம் பட்டறை திறக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால், மகளின் பழக்கம் அப்படி, காதில் ஊறிய சத்தம் அப்படி என்று நானும் விட்டிருப்பேன். ஜூன் 1 அன்று அலமாரியின் மஞ்சள் பல்பு போய்விட்டது. கடையில் அந்த வகை இல்லை. ருக்கு வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டினார். மழை பிடித்துக்கொண்டது. ஜூன் 15 அன்று வேறொருவரின் கிதாருக்காக நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இரண்டு எண் போட்டேன். திரும்பிப் பார்த்தால், நான் 5 போட்டது பெரியவனுக்கு.

காது போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பெரியவனை உள்ளே வைக்கும்போது அலமாரிப் பலகையில் கை பட்டது. எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் பலகை, குளிர்ந்து பிசுபிசுத்தது. அந்த வெள்ளை பல்பில் சூடு இல்லை.

வீட்டுக்கு வந்து கிதார் நோட்டையும், நான் இன்னும் எழுதிவரும் மழை நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆகஸ்ட் 5-க்கு முந்தைய ஆறு நாளும் மழை. பெரியவன் சூட்டில் காய்ந்திருந்தான். வைஜெயந்தியின் கிதார் ஜன்னல் பக்கத்து ஆணியில் ஈரம் குடித்து, பலகை அதிர முடியாமல் கிடந்தது. அக்டோபரில் அதற்கு ஆறு வாங்கிக் கொடுத்தது எலும்பு அல்ல, எட்டு நாள் பல்பாகத்தான் இருக்கும். நவம்பரில் இறங்கியது மறுபடி ஆணிக்குப் போனதால். ஜனவரியில் ஏறியதில் வறண்ட காற்றுக்கு எவ்வளவு பங்கு, தேய்த்ததற்கு எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மீட்டும் வில்லையின் தடிப்பை எழுதிய நான், காற்றின் ஈரத்துக்கு ஒரு கட்டம் போடவில்லை. முப்பத்தொரு ஆண்டு, ஒவ்வொரு நாளும் நான் அளந்தது அதைத்தான்.

மறுநாள் காலை இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆவுடையப்பன் முழுவதும் கேட்டார்.

"அப்ப அது டப்பா இல்ல," என்றார்.

"இல்லை ஆவுடை. காயவைத்துக் கேட்டிருக்க வேண்டும். என் தவறு."

"நீங்க மார்க்குதான போட்டிய. தேச்சது நாந்தான." நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "முன்னால எப்படிக் கேட்டுதுன்னு இதுல இருக்கா அண்ணாச்சி?"

விரலை வைத்துக் காட்டினேன். ஒரு நாலு. 'அடைத்த சத்தம்' என்ற இரண்டு சொல். வேறு ஒன்றும் இல்லை.

 அவர் ருக்குவிடம் போனைக் கேட்டு வாங்கி மகளை அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டது வேண்டுமென்றா, தெரியாமலா, நான் கேட்கவில்லை.

"வைஜி, ஒன் கிதார நான் கெடுத்துட்டேம்மா."

"விடுங்கப்பா. டப்பாதானே."

"இல்ல. நல்ல கிதார்." "நீ உள்ள வாசிக்கும்போது நான் இழைப்புளிய நிப்பாட்டிருவேன். சத்தம் கேக்காம போயிருமேன்னு. தெனமும்."

இது எனக்குத் தெரியாது. ருக்குவுக்கும் தெரியாது என்று அவர் முகத்தில் தெரிந்தது. அந்தப் பக்கம் மருத்துவமனைக் கூடத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"அப்போ ஏன்ப்பா அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

ஆவுடையப்பன் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரியவன ஒசத்திக் காட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"டூட்டிக்குக் கூப்பிடுறாங்கப்பா. அப்புறம் பேசுறேன்," என்று அவள் போனை வைத்தாள்.

ஆணியிலிருந்த கிதாரை அவர் இறக்கினார். அலமாரியைத் திறந்து பெரியவனை வெளியே எடுத்து ஆணியில் மாட்டினார். மகளின் கிதாரை அந்த இடத்தில் வைத்தார். கதவைச் சாத்தும் முன், சிப்பிகாட்டில் ஒரு பழைய கடையில் மஞ்சள் பல்பு கிடைக்கும் என்று கேள்விப்பட்டதாகவும், மழை விட்டால் போய்வரலாம் என்றும் சொன்னார்.

மழை மாலை வரை விடவில்லை. நோட்டில் அந்த நாலை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் 'ஒப்பீடு செல்லாது' என்று எழுதித் தேதியிட்டேன்.