ஆய்வுக்கூடத்து முக்காலி

என் மேசையருகே ஒரு மர முக்காலி இருக்கிறது. ஒரு கால் லேசாக ஆடும், பலகையில் நீலக் கறை. நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனையில் பழைய ஆய்வுக்கூடச் சாமான்களைக் கழித்தபோது கேட்டு வாங்கி வந்தது.

எண்பதுகளின் கடைசியில், திருப்பூர்ப் பக்கத்து அந்த மருத்துவமனைக்கு உயிர்வேதியியலாளராக ஒரு அம்மா வந்தார். முதுகலை படித்த விஞ்ஞானி. நோயாளிகளுக்கு ‘ரத்தம் எடுக்கற அம்மா’. டாக்டர்களாகிய எங்களுக்கு வெறும் ‘லேப்’. “லேப் என்ன சொல்லுது?” என்போம், ஏதோ சுவரைக் கேட்பதுபோல. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்களுக்கெல்லாம் நாற்காலி உண்டு. அவர் கதவோரம் நின்று முடிவுகளை வாசித்துவிட்டுப் போய்விட வேண்டும். அதில் தப்பிருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை. படித்த திமிர், வேறென்ன?

ஒருநாள் மதியம் ஒரு சாயப்பட்டறையிலிருந்து ஏழு பேரை வேனில் கொண்டுவந்தார்கள். ஏதோ புகையை இழுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி ஆக்சிஜன் வைத்தேன். உதடும் நகமும் நீலமாகவே இருந்தன. ஒருவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறையில் கூடி எல்லோரும் கையைப் பிசைந்தோம்.

அப்போதுதான் அந்த அம்மா உள்ளே வந்தார். ஒரு கையில் ரத்தம் எடுத்த சோதனைக்குழாய், மறு கையில் இந்த முக்காலி. மேசையோரம் போட்டு உட்கார்ந்தார்.

“ரிசல்ட்டைச் சொல்லிட்டுப் போங்கம்மா” என்றேன்.

“போறதுக்கில்லீங்க டாக்டர், முழுசாக் கேளுங்க. ரத்தம் சாக்லேட் நெறத்துல இருக்குது. காத்துப் படக் குலுக்கியும் செவக்கலீங்க. இது புகையில்லீங்க, நைட்ரைட்டு. ரத்தத்தை ஆக்சிஜன் சொமக்க விடாதுங்க. மத்தியானச் சோத்துக்கு உப்பு எங்க எடுத்தாங்கன்னு கேளுங்க.”

வேனில் கூட வந்தவர்களிடம் ஓடிப்போய்க் கேட்டேன். பட்டறையில் சமைக்கிறவர்கள் சாயத்துக்கு வைத்திருக்கும் உப்பு மூட்டையிலேயே ஒரு பிடி அள்ளிக்கொள்வது வழக்கமாம். சாய வேலைக்கு நைட்ரைட்டும் வேண்டும். பார்வைக்கு அதுவும் வெள்ளை உப்புதான். அன்று கை பக்கத்து மூட்டைக்குள் போயிருக்கிறது. “உப்புன்னுதானுங்க சாமி போட்டேன்” என்று தேம்பினார் சமைத்தவர்.

அதற்கு முறிவு மெத்திலீன் நீலம், அதுவும் ஒரு சாயம்தான். ஆய்வுக்கூடத்துப் புட்டியை நான் எடுக்கப் போக, “அது ஸ்லைடுக்குப் போடறதுங்க, ஊசிக்கு ஆகாது” என்று தடுத்தார். கோயம்புத்தூருக்கு அவரே போன் போட்டு ஊசிமருந்து இருக்கிறதா என்று கேட்டார். ஜீப்பை அனுப்புமாறு கண்காணிப்பாளரிடமே சொன்னார். ஜீப் உடனே கிளம்பியது. மருந்து ஏற ஏற, உதடுகள் ஒவ்வொன்றாகச் சிவந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஏழு பேரும் பிழைத்தார்கள். வராந்தாவுக்கு வந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

எல்லாம் முடிந்து மறுபடி அறையில் கூடியபோது, கண்காணிப்பாளர் எழுந்து அந்த அம்மாவுக்குத் தம் நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்கம்மா.”

“இன்னிக்கு மட்டும்னா வேண்டாமுங்க சார். வாராவாரம் லேப்புக்கு ஒரு சேர் போடுங்க.”

அடுத்த திங்கட்கிழமை நாற்காலி வந்தது. தூக்கி வந்து போட்டது நான். தொண்ணூறுகளில் அவர் வராமல் கூட்டமே தொடங்காது. பட்டறை முதலாளிகளை அதே மேசைக்கு வரவழைத்து, நைட்ரைட் மூட்டைகளைத் தனி அறையில் பூட்ட வைத்ததும் அவர்தான்.

போன மாதம் என் ரத்தத்தைச் சோதிக்க அங்கே போயிருந்தேன். அறிக்கையின் அடியில் இப்போதைய ஆய்வுக்கூடத் தலைவியின் பெயர், பட்டம், கையெழுத்து. “லேப் என்ன சொல்லுது?” என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, பெயரைச் சொல்லி அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் முக்காலியைத் துடைத்து வைத்தேன். இன்றுவரை நான் அதில் உட்கார்ந்ததில்லை.