இரண்டு வரி கேட்ட திரை

கோரிப்பாளையத்தில் என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பன் லேப்டாப்பைத் திறந்தால், விண்டோஸில் ஓடவா லினக்ஸில் ஓடவா என்று திரை இரண்டு வரியில் கேட்கும். என்னுடையது எதையும் கேட்காது. எனக்கு வயிறு எரியும்.

"ஒனக்கும் போட்டுத் தாரேன் மாப்ள" என்றான். அவன் தயவு யாருக்கு வேண்டும்? அவன் திருப்பரங்குன்றம் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய லினக்ஸ் சிடியையே போட்டு நானே உட்கார்ந்தேன். ஹார்ட் டிஸ்க்கைப் பாதியாகப் பிரிக்க வேண்டிய இடத்தில் மொத்தத்தையும் அழித்துத் தொலைத்தேன். விண்டோஸோடு அக்கா கல்யாணப் போட்டோக்களும் போயின.

அவனிடம் ஒப்புக்கொள்வேனா? "லினக்ஸ் மட்டும் போதும்னு நாந்தான் அழிச்சேன்" என்றேன்.

மறுவாரம் அவன் திரையும் எதையும் கேட்கவில்லை. "ஒன்னயப் பாத்துத்தான் மாப்ள, நானும் விண்டோஸ அழிச்சுட்டேன்" என்றான்.

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.