அப்பாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒரே காரில் போன நாள்

ஹனூரில் எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே ஓர் இட்டேரி உண்டு. ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான். அந்தத் தடம் யாருடையது என்று ஆரம்பித்த சண்டை, அரிவாள் வெட்டில் போய், கோர்ட்டு வரைக்கும் வளர்ந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் எழுந்து இடம் மாற வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை.

மைசூரில் துணிக்கடை வேலைக்குப் போயிருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, அந்த வீட்டு மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று போனில் சொன்னாள். அவர் அங்கே மார்க்கெட்டில் பூ வியாபாரம் பார்த்தார். சாதி ஒன்று, முறையும் சரியாக வந்தது. குறுக்கே நின்றது அந்த இட்டேரி மட்டும்தான்.

சில நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு காலையில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அப்பா முன்சீட்டில் ஏறினார்.

"புள்ளையையும் கூட்டீட்டுப் போங்க. அவ இருந்தா உங்க கை நீளாது" என்று அம்மா என்னைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டாள்.

வழியெல்லாம் அப்பா அவரை "மாமா, மாமா" என்றார். அப்படி ஓர் உறவு எங்களுக்கு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு சிநேகிதர் வீட்டு மாடியில் அத்தையும் அந்த வீட்டு மகனும் இருந்தார்கள். அப்பாவையும் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் சேர்த்துப் பார்த்ததும் அத்தை அழுதுவிட்டாள்.

"ஊருக்கு வா அம்மிணி. நாங்களே முறைப்படி பண்ணி வெக்கறோம்" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"நெசமாங்ணா?" என்று அத்தை அப்பாவைக் கேட்டாள்.

"மாமாவே வந்திருக்காரு. அப்பறம் என்ன?"

அந்த வீட்டு மகன் மட்டும் தயங்கினார். "சோமவாரம் ரிஜிஸ்டர் ஆகட்டும், அப்பறம் வர்றோம்" என்றார். அத்தைதான் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்காங்க பாருங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

கொள்ளேகாலில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கே இன்னொரு கார் காத்திருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் ஊருக்குள் நுழையக் கூடாது என்று சொல்லி அவரை அதில் ஏற்றினார்கள். அத்தை கையசைத்தாள். நானும் அசைத்தேன். அந்தக் கார் ஹனூர்ப் பக்கம் திரும்பவேயில்லை.

அத்தையின் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். அவன் பயந்து ஓடிவிட்டான் என்று அத்தையிடம் சொன்னார்கள். அவள் மனம் மாறிவிட்டாள் என்று அவரிடம் சொன்னார்கள். இரண்டு வீடும் முதன்முறையாக ஒரே பேச்சில் நின்றன.

அந்த மாதமே, மனைவியை இழந்த ஒரு லாரிக்காரருக்கு அத்தையைக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததே பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். கேஸ் வாபஸ் ஆனது. பந்தியில் அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இனி அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடலாம்.

மணவறையில் உட்கார்ந்திருந்த அத்தையின் காதில் போய்ச் சொன்னேன்: "அத்தே, சண்டை தீந்துபோச்சு. உன்னாலதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஆமா கண்ணு, என்னாலதான்" என்றாள்.

அத்தை பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாட ஓடினேன்.