சாமிக்குக் கெட்ட பேர் வருமென்று மறைத்தேன்

அடியார்களே, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அண்ணாமலையார் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் டீக்கடை. 1998-இல் என் இரண்டு கிட்னியும் பழுதாகி, என் மனைவி செல்வி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். சென்னையில் ஆபரேஷன். பிழைத்து வந்தேன். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அதனால் எதிர்ப்புச் சக்தி குறையும், தூசிப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

நான் கேட்கவில்லை. பிழைத்தால் உழவாரப் பணி செய்வதாக வேண்டியிருந்தேன். செல்வி அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாழடைந்த சிறு கோயிலைச் சுத்தம் செய்யப் போன அன்பர்களோடு சேர்ந்துகொண்டேன். மண்டபம் முழுக்கப் புறா எச்சம், காய்ந்து பொடியாகக் கிடந்தது. சாமி முன்னால் முகத்தை மூடுவதாவது என்று மாஸ்க்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு சுரண்டினேன், பெருக்கினேன். மனசு நிறைந்திருந்தது.

சில வாரங்களில் காய்ச்சல், இருமல். நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. மறுபடியும் சென்னை. எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைத் திட்டு. டிபியாக இருக்கலாமென்று கொடுத்த மருந்து கேட்கவில்லை. ஆக்சிஜன் வைத்தார்கள். கிட்னி மாத்திரையைக் குறைக்கவும் பயம், தொடரவும் பயம்.

"வீட்ல புறா, கோழி வளக்கறீங்களா? தூசில ஏதாவது வேலை செஞ்சீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லைங்க" என்றேன். சாமி வேலை செய்யப் போய் நோய் வந்தது என்று நாலு பேர் பேசினால் அவருக்கல்லவா கெட்ட பேர்? செல்விக்குத் தெரிந்துவிடுமே என்ற பயமும் இருந்தது.

அன்று மதியம் செல்வி என் கட்டில் ஓரமாகத் தரையில் படுத்திருந்தாள். புரண்டபோது விலாவில் தையல் தழும்பு தெரிந்தது. கூனிக் குறுகிப் போனேன். "அண்ணாமலையாரே, உன் பேர் கெட்டாலும் கெடட்டும். அவள் கொடுத்ததைக் காப்பாற்று. என் வாயைத் திறந்துவிடு" என்று அழுதேன்.

மாலையில் டாக்டரம்மா வந்தார். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று எனக்கே தெரியாது. "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. சாமி வேலதான செஞ்சீங்க, திருடவா போனீங்க?" என்றார். மறுநாள் மூக்கு வழியே குழாய் விட்டு நுரையீரலிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். புறா எச்சத்தில் வளரும் ஒரு பூஞ்சை. அதற்கான ஊசி கிட்னியையே கெடுக்கக்கூடியது என்பதால், தினமும் ரத்தம் பார்த்து அளந்து ஏற்றினார்கள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. கிட்னியும் தப்பியது.

நான் கொட்டியதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்ட செல்வி மட்டும் என்னோடு பேசவில்லை. ஊர் திரும்பும்போது பஸ் ஜன்னலில் மலை தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அம்மாம் பெரிய மலையா நிக்கறாரு. அவரு பேரைக் காப்பாத்த உன்னையாய்யா கூப்ட்டாரு?"

இப்போது உழவாரத்துக்குப் போகும் அன்பர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பதோடு சரி. மூக்கைக் கட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொல்லி அனுப்புகிறேன். அன்பர்களே, அவரிடம் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பார். உங்கள் வெட்கத்தையும் அவர் காலடியிலேயே வையுங்கள், அவர் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் சந்நிதியில் என்னால் இன்றைக்கும் தலை நிமிர முடிவதில்லை. பக்கத்தில் செல்வி நிற்கிறாள்.