ஓவர்சீயர் வைத்த பொட்டு

மார்டள்ளியிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர்களில் கரியப்பனைப் போலத் தண்ணீருக்குப் பயந்தவர் யாரும் இல்லை. நீச்சல் தெரியாத பயமல்ல அது. பெயின்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் தண்ணீரை நினைத்து வந்த பயம்.

அணைத் தேக்கத்தில் இன்ஜினீயர்கள் மதகு பார்க்கப் போகும் எஃகுப் படகுக்கு அவர்தான் பெயின்டர். 1936இல் பனி காயாத காலையில் அவசரப்பட்டுப் பூசிவிட்டார். ஆறே மாதத்தில் படகின் அடி முழுக்கக் கொப்புளம். விரலால் அழுத்தினால் தண்ணீர் பீச்சியது, உள்ளே துரு. ஓவர்சீயர் செலுவநாராயணன் சத்தம் போடவில்லை.

"அடுத்த வாட்டி ஒரே ஒரு கொப்புளம் பாத்தேன்னாலும், நீ ஊருக்குப் போயிடலாம்" என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். மேட்டுக்காட்டை விற்றுவிட்டு வந்தவருக்கு ஊரில் போய் உட்கார என்ன இருக்கிறது? மனைவி சித்தம்மாவிடம் இதைச் சொல்லவே கரியப்பனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மறு வருஷம் புரட்டாசியில் படகைக் கரையேற்றினார்கள். பத்தாம் நாள் பெரிய இன்ஜினீயர் வருகிறார். மூன்று பூச்சு ஏற வேண்டும், ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். கரியப்பன் நாலு நாள் பழைய பெயின்டைச் சுரண்டினார். ஐந்தாம் நாள் விடியலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பைப் பளபளவென்று கொண்டுவந்தார். அப்படித் தேய்த்த இரும்பு ஒரு ராத்திரிப் பனியைக்கூடத் தாங்காது. வெயில் ஏறி, உள்ளங்கை வைத்தால் சூடு தெரிந்ததும் சிவப்பு அடிப்பூச்சைப் போட்டுவிட வேண்டும்.

அன்று ஆயுத பூஜை. படகின் எஞ்சினுக்கு மட்டும்தான் பூஜை என்று கரியப்பன் நினைத்திருந்தார். பாழாய்ப்போன நினைப்பு! ஒன்பது மணிக்கு ஓவர்சீயர் தட்டோடு வந்தார். கரியப்பனின் பிரஷ், சுரண்டி எல்லாம் எஞ்சின் முன்னால் பூஜைக்குப் போய்விட்டன. மறுநாள்வரை அவற்றைத் தொடக்கூடாது. பிறகு ஓவர்சீயர் படகின் முகப்புக்கு வந்து, வெறும் இரும்பிலேயே வரிசையாக மூன்று இடத்தில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். யாரோ தேங்காயை அங்கேயே உடைத்தார்கள். தண்ணீர் வழிந்து இறங்கியது.

தேங்காய்த் தண்ணீர் பட்ட அரிவாள் எப்படித் துருவேறிச் சிவக்கும் என்று கரியப்பனுக்குத் தெரியாதா?

"சாமி, அதத் தொடச்சுட்டுப் பூசிக்கறனுங்க."

"பொட்டிலே கை வெக்காதே."

"இரும்பு ஈரமா இருந்தா பெயின்டு நிக்காதுங்க சாமி."

"வெச்சது வெச்சபடி இருக்கட்டும்னேன்."

அவர் போய்விட்டார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கரியப்பன் வீட்டுக்கு ஓடினார். சித்தம்மா கேள்வி கேட்காமல் தன் பழைய சேலையைக் கிழித்தாள்.

"பூசையன்னிக்கு வேல செய்யலாமாங்க?" என்று பாதி வழியில்தான் கேட்டாள்.

"பிரசுதான் பூசைல இருக்குது. துணி இல்லியே."

தேங்காய்த் தண்ணீர் வழிந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, உலரத் துடைத்து, டர்பன்டைன் போட்டு மறுபடி துடைத்தார்கள். துணிப்பந்தைப் பெயின்டில் தோய்த்து இருவரும் இரும்பில் அழுத்தித் தேய்த்தார்கள். மூன்று பொட்டுக்கு முன்னால் கரியப்பனின் கை நின்றது. துடைத்தால் இன்றைக்கே வேலை போகும். துடைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்துப் போகும். ஆறு மாதச் சோறு பெரிது என்று முடிவு செய்து, பொட்டின் மேலேயே பூசினார். பூச்சு விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் முதல் தூறல் விழுந்தது.

அந்த ஆறு மாதமும் அவர் சரியாகத் தூங்கவில்லை. பங்குனியில் படகைக் கரையேற்றியபோது ஓவர்சீயர் பின்பக்கத்திலிருந்து கையால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு இடத்திலும் பூச்சு எழும்பவில்லை. கரியப்பன் முகப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முகப்பில் வரிசையாக மூன்று கொப்புளங்கள். ஓவர்சீயர் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். தண்ணீர் அவர் சட்டைக் கையில் தெறித்தது. உள்ளே துரு. அடுத்ததை அழுத்தினார். மூன்றாவதன் மேல் விரலை வைத்தவர் அழுத்தவில்லை.

"ஒரு கொப்புளம்னு சொல்லியிருந்தேன். மூணு இருக்கு" என்றார்.

"சாமி, நான் அன்னிக்கே கேட்டனுங்க..."

"கேட்டே." ஓவர்சீயர் கையைத் துடைத்துக்கொண்டார். "மூணும் நான் வெச்சது."

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் சந்தனத் தட்டோடு வந்தார். படகுக்கு இரண்டடி தள்ளியே நின்றுகொண்டு, "கரியப்பா, எங்கே வெக்கட்டும்?" என்று கேட்டார்.

கரியப்பன் சுக்கானின் மரப்பிடியைக் காட்டினார்.